லைக்ரா அஸ்திவாரம்

திருப்பூரில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்ப்போம். அப்புறம் இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்போம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போர்த்திய சால்வையைக்கூட என் அப்பா அப்படி இழுத்துப் பார்த்தார். சால்வைக்குள் மாப்பிள்ளை இருந்தார் என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இழுத்தால் நீள வேண்டும், விட்டால் பழையபடி வர வேண்டும். வந்தால் நல்ல சரக்கு, வராவிட்டால் மட்டச் சரக்கு. உலகத்தை எடைபோட எங்கள் ஊரில் இருந்த ஒரே தராசு இதுதான். அந்தத் தராசைக் கொண்டுபோய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்தவள் நான்.

செல்போன் என்பது மிஸ்டு கால் கொடுக்க மட்டுமே பயன்பட்ட காலம் அது. அப்போதுதான் சிவில் எஞ்சினியரிங் முடித்திருந்தேன். (டெக்ஸ்டைல் சீட் கிடைக்கவில்லை, அதனால் சிவில். எங்கள் பக்கம் லட்சியங்கள் இப்படித்தான் உருவாகும்.) சேர்ந்த பிறகு எப்படியோ மண்ணின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. மண் எவ்வளவு தாங்கும், எப்போது கைவிடும் என்று படிக்கும் படிப்பில் மேற்கொண்டு எம்.இ. சேரச் சென்னையில் இடமும் கிடைத்துவிட்டது. கிடைக்காதது அப்பாவின் சம்மதம் மட்டும்தான்.

அப்பாவுக்கு ஆட்சேபணை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆட்சேபணை முழுவதையும் என் மாமா குத்தகைக்கு எடுத்திருந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் சாப்பிட்டபடியே எங்கள் வீட்டு விஷயங்களை முடிவு செய்பவர்.

"மண்ணப் படிக்கறதுக்கு மெட்ராஸ் எதுக்குங்க மச்சான்? நம்ம காட்டுல இல்லாத மண்ணா?"

அப்பா யோசித்தார். அவர் பனியன் கம்பெனி முதலாளி. சாம்பிள் பார்க்காமல் எதற்கும் ஓகே சொல்லிப் பழக்கமில்லாதவர். எனக்கும் ஒரு சாம்பிள் வைத்தார்.

முதலிபாளையம் தாண்டி அப்போது எங்கள் புது யூனிட் கட்டி முடியும் நிலையில் இருந்தது. கட்டடத்தைப் போட்டவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த எஞ்சினியர். அவர் கை வைக்க மறுத்த ஒரே இடம், தண்ணீர்த் தொட்டி வரவேண்டிய தென்மேற்குக் கன்னி மூலை. அந்த மூலையில் ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் தோண்டியிருக்கிறார்கள். அப்புறம் அந்தக் குழியில் ஊரார் எல்லாரும் சேர்ந்து குப்பையும், கட்டட இடிபாடும், மூட்டை மூட்டையாகப் பனியன் கட்டிங் வேஸ்ட்டும் கொட்டி மூடியிருக்கிறார்கள். நடந்தால் மெத்தை மாதிரி இருக்கும். தொட்டியை வேறு மூலைக்கு மாற்றுங்கள் என்றார் எஞ்சினியர். இருக்கிறதிலேயே கனமான பொருள் கன்னி மூலையில்தான் வர வேண்டும், மாற்றினால் கம்பெனி விளங்காது என்றார் வாஸ்துக்காரர். இருவருக்கும் நடுவில் அப்பா என்னைப் பார்த்தார்.

"கண்ணு, அந்தத் தொட்டி மேடைய நீ போடு. தொட்டி நின்னா மெட்ராஸ். நிக்காட்டி பேசாம வந்து மெர்ச்சண்டைசிங் டேபிள்ல உக்காந்துக்கோணும்."

சரிங்கப்பா என்றேன். மெர்ச்சண்டைசிங் டேபிள் என்றால், பட்டன் ஏன் அரை நூல் தள்ளியிருக்கிறது என்று வெளிநாட்டுக்காரன் கேட்கும் கேள்விக்கு ஆயுள் முழுக்க மெயிலில் பதில் போடுவது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் பயப்படவில்லை. என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. கல்லூரியில் நடந்த ஒரு கருத்தரங்கில் விற்பனைக்காரர் ஒருவர் உள்ளங்கை அளவில் ஜியோசெல் துண்டு ஒன்றைக் கொடுத்திருந்தார். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளை இடைவெளி விட்டு விட்டு ஒட்டியிருப்பார்கள். மடித்தால் ஒரு கட்டு. இழுத்து விரித்தால் தேன்கூடு மாதிரி அறை அறையாகத் திறக்கும். பலவீனமான தரை மேல் இதைப் பெரிய அளவில் விரித்து, அறைகளில் சல்லிக் கற்களைக் கொட்டி இடித்து, அதற்கு மேல் கட்டடம் கட்டலாம். விஷயம் ரொம்பச் சுலபம். தரையில் கொட்டிய அரிசிக் குவியல் மேல் ஏறி நின்றால் அரிசி நாலாபக்கமும் ஓடும், நாம் விழுவோம். அதே அரிசியை மூட்டையாகக் கட்டி அதன் மேல் நின்றால் ஒன்றும் ஆகாது. அரிசியை ஓடவிடாமல் பிடிப்பது சாக்கு. ஜியோசெல்லின் வேலை அந்தச் சாக்கின் வேலை.

அந்த விற்பனைக்காரரின் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு கிரிக்கெட் மைதானத்தையே மூடும் அளவுக்கு வாங்கினால்தான் அனுப்புவோம் என்றார்கள். எனக்கு வேண்டியது ஒரு பாத்ரூம் அளவு. சோகமாக வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மினிமம் ஆர்டர் கேட்பது அவருக்குத் தொழில் தர்மம். அந்த ஜியோசெல் துண்டை வாங்கிப் புரட்டினார். ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். இழுத்தார். பிளாஸ்டிக் நீளவில்லை. அவர் முகம் சுருங்கியது.

"இதென்ன கண்ணு, இழுத்தா வரவே மாட்டீங்குது. மட்டச் சரக்கா இருக்கும்போல. உடு, நாமளே தெச்சுக்கலாம்."

இந்த இடத்தில் ஒரு எஞ்சினியர் செய்ய வேண்டியது என்ன? 'அப்பா, இழுத்தால் வராததுதான் அதன் பெருமை' என்று சொல்லியிருக்க வேண்டும். அறைச் சுவர் நீளக் கூடாது என்பதை இரண்டு பக்கத்துக்குப் படம் போட்டுப் பரீட்சையில் எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியவள் நான். அந்தப் பதிலைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஏனென்றால் அப்பா சொன்னதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. உலகத்திலேயே முதன்முதலாகத் தைக்கப்பட்ட அஸ்திவாரம்! சென்னையில் பேராசிரியர்கள் எழுந்து நின்று கைதட்டுவதுவரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் ஊருக்குத் தெரிந்த ஒரே வழியில் வேலை நடந்தது. நான் அளவு சொன்னேன். பேட்டர்ன் வெட்டினார்கள். என்ன கலர் என்று கேட்டார்கள். மண்ணுக்குள் போவதற்குக் கலர் எதற்கு என்றேன். கலர் சொல்லாமல் கட்டிங் போட முடியாது என்றார்கள். கடைசியில் அப்பாவே குடோனுக்குப் போய்த் துணி எடுத்து வந்தார். வெளிநாட்டுப் பெண்கள் உடற்பயிற்சிக்குப் போடும் இறுக்கமான பேண்ட்டுக்காக வரவழைத்த நைலான் லைக்ரா. கலர் சரியில்லை என்று ஆர்டர் கேன்சலாகி நின்றது. கண்ணைப் பறிக்கும் பிங்க்.

"நாலு பக்கமும் இழுக்கும். நம்ம கம்பெனியிலயே ஒசத்தித் துணி இதுதான். என்ற பொண்ணோட மொத வேலைக்கு மட்டத் துணியப் போடுவனா?"

சரிங்கப்பா என்று தலையாட்டினேன். பாசம் வந்தால் புத்திக்குப் போகும் வழி அடைத்துக்கொள்ளும்போல.

இருந்தாலும் நான் எஞ்சினியர் அல்லவா, சோதனை செய்யாமல் விடுவேனா? ஒரு முனையை மாமா கையில் கொடுத்தேன். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். மாமா கட்டிங் டேபிள் பக்கம் நின்றார், நான் கேட் வரைக்கும் போய்விட்டேன். துணி கிழியவில்லை. விட்டதும் மாமாவின் மூக்கில் போய்ச் சுளீரென்று அடித்தது. கிழியவில்லை, திரும்பியும் வந்துவிட்டது, ஆக பாஸ் என்று அறிவித்தேன். கேட் வரைக்கும் நீண்டதே என்ற சந்தேகம் எனக்கும் வரவில்லை, அங்கே நின்ற யாருக்கும் வரவில்லை. (மாமாவுக்கு மூக்கு மட்டும் வலித்தது.)

தைத்துக் கொடுத்தவர் எஸ்தர் அக்கா. தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊர் மண்ணரையில் குடியிருந்தவர். எங்கள் கம்பெனியின் பெரிய டெய்லர். அவர் தையல் பிரிந்ததாகச் சரித்திரமே கிடையாது. தைக்கும்போது இது என்ன, பெரிய கொசுவலையா என்று ஒருமுறைதான் கேட்டார். தொட்டிக்கு அடியில் வைப்பது என்றதும் ஒவ்வொரு இணைப்புக்கும் இரட்டைத் தையல் போட்டார்.

"நான் சொல்லுதேன் பாப்பா, தொட்டி போனாலும் தையலு போகாது. பிரிஞ்சிச்சின்னா எம் பேர மாத்திக்கிடுதேன்."

கடைசியில் ஓரத்தில் ஒரு லேபிளும் வைத்துத் தைத்தார். சைஸ் எக்ஸ்.எல். குளிர்ந்த நீரில் கையால் துவைக்கவும். லேபிள் இல்லாமல் எந்தப் பீஸும் எங்கள் கம்பெனியை விட்டு வெளியே போனதில்லையாம்.

குழியின் மேல்மண்ணை எடுத்து, இரும்பு முளைகள் அடித்து, பிங்க் தேன்கூட்டை விரித்தோம். வெயிலில் அது பளபளத்த அழகைப் பார்த்து மேஸ்திரி, மிச்சத் துணி இருந்தால் மகளுக்குப் பாவாடை தைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சல்லியைக் கொட்டி இடித்தோம். இடிக்க இடிக்க அறைகள் உப்பின. உப்ப உப்ப இன்னும் சல்லி கொட்டினோம். என் கணக்கைவிட எவ்வளவோ அதிகமாக அது வாங்கிக்கொண்டே போனது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நல்லா வாங்குதுங்கண்ணா, பலமா இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன். அவர் நம்பினார். சொன்ன தோரணை அப்படி.

அதற்கு மேல் கான்கிரீட் பலகை போட்டு, ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் மேடை கட்டி, உச்சியில் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றினோம். கம்பீரமாக நின்றது. காலித் தொட்டி எதன் மேல் வைத்தாலும் கம்பீரமாகத்தான் நிற்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மாமாவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

திறப்பு விழாவுக்குத் திருப்பூர் ராயபுரத்திலிருந்தும் ஊர்ப் பக்கத்திலிருந்தும் சொந்தபந்தம் அத்தனையும் வந்திருந்தது. விடியற்காலை ஹோமம் முடிந்ததும் மாமாவின் கையால் மோட்டார் சுவிட்சைப் போடவைத்தோம். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தொட்டிக்கு இடதுபக்கம் சாமியானா போட்டு முதல் பந்தி உட்கார்ந்தது. அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு, 'தொட்டி மேடை, என்ற பொண்ணோட டிசைனுங்க' என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னைக்குப் பெட்டியில் எதையெல்லாம் எடுத்துவைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். குடும்பத்தோடு தொட்டிக்கு முன்னால் ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார் அப்பா. வரிசையாக நின்றோம். ஸ்டுடியோ பாபு ஸ்டாண்டில் கேமராவை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஸ்டாண்டின் ஒரு காலை உயர்த்தினார். திரும்பப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். தரை சரியில்லைங்க, கேமரா சாயுது என்று சலித்துக்கொண்டார். படத்திலேயே பெரிய பொருள் தொட்டிதான் என்பதால், தொட்டியை வைத்துக் கேமராவை நேர் செய்துகொண்டிருந்தார் அவர். கேமராவுக்குள் தொட்டி நேரானதும் அவருக்கு எங்கள் மேல் சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, எல்லாருமே வலதுபக்கமா சாஞ்சு நிக்கறீங்க. கொஞ்சம் இடதுபக்கமா வாங்க."

போட்டோக்காரர் சொல்லை மீறுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. எல்லாரும் இடதுபக்கம் சாய்ந்தோம். இன்னும் கொஞ்சம் என்றார், இன்னும் சாய்ந்தோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள், நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் தொட்டியும் எங்களோடு சேர்ந்து சாய்ந்துகொண்டிருந்தது. சூப்பருங்க, இப்பத்தான் நேரா இருக்கீங்க என்று பாபு படத்தை எடுத்தார்.

அப்போது பின்னால் 'படக்' என்று ஒரு சத்தம்.

தொட்டியிலிருந்து கட்டடத்துக்குப் போகும் பெரிய குழாய் கட்டடத்தோடு பிணைந்திருந்தது. தொட்டி நகர்ந்தது, குழாய் நகரவில்லை. முறிந்துவிட்டது. முறிந்த இடத்திலிருந்து தண்ணீர் நேராக சாமியானாவுக்குள் பாய்ந்தது. முதல் பந்தியின் முதல் இலை யாருடையது என்று சொல்ல வேண்டுமா? போட்டோவுக்கு நிற்காமல் சாப்பிட உட்கார்ந்த மாமாவுடையதுதான். அவர் சாம்பார் கேட்டு நிமிர்ந்த நேரம் அது. இலைகள் கப்பல் போல் கிளம்பிப் போயின. பாயசம் ஒரு பக்கம் ஓடியது, அப்பளங்கள் மிதந்தன. யாருக்கும் அடி படவில்லை. தண்ணீர் வெளியேறிப் பாரம் குறைந்ததும் தொட்டியும் அப்படியே நின்றுவிட்டது, யார் காதிலோ ரகசியம் சொல்லக் குனிந்தவர் மாதிரி.

மேடையின் அடியில் ஒரு பக்கம் தரை புதைந்து, இன்னொரு பக்கம் பிதுங்கியிருந்தது. பிதுங்கிய இடத்திலிருந்து பளபளவென்று பிங்க் நிறத்தில் ஏதோ தொப்பை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மொத்தச் சொந்தமும் அதையே பார்த்தது. அம்மா மெதுவாக என் காதில் கேட்டாள்.

"ஏங்கண்ணு, அது லேடீஸ் துணியாட்ட இருக்குதே, மூடி வெக்கலாமா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. மூட்டை கட்டலாம், ஆனால் சாக்கில் கட்ட வேண்டும். நான் பனியனில் கட்டியிருக்கிறேன். சல்லி பக்கவாட்டில் ஓடியபோது, பிடித்து நிறுத்த வேண்டிய துணி, எங்கள் ஊர் பெருமைப்படும்படி நாலு பக்கமும் நீண்டு கொடுத்திருக்கிறது. பரீட்சையில் எழுதிய அந்த இரண்டு பக்கமும், போட்ட படம் உட்பட, அந்த நிமிஷத்தில் கண்முன் வந்தன. கூடவே மெர்ச்சண்டைசிங் நாற்காலியும் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

மாமா தோளில் ஒரு முருங்கைக்காய்த் துண்டோடு எழுந்து வந்தார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி அது. அனுபவிக்காமல் விடுவாரா?

"அப்ப மெட்ராஸ் இல்லைன்னு ஆயிப்போச்சுங்களா மச்சான்?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து மேடைக்கு அடியில் போனார். குனிந்தார். பிதுங்கிய பிங்க் துணியின் ஓரத்தை உள்பக்கமாகப் புரட்டித் தையலைப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். விட்டார். அது சொடக்கென்று திரும்பிப் போனது. எழுந்து எஸ்தர் அக்காவைப் பார்த்து, ஒரு தையல்கூட விடல என்றார். "நான் அன்னைக்கே சொன்னம்லா" என்றார் எஸ்தர் அக்கா, தலையை நிமிர்த்தி. விழாவில் தலை நிமிர்ந்து நின்ற ஒரே ஆள் அவர்தான்.

அப்பா திரும்பி வந்தார். கையில் இன்னும் மைக் இருந்தது, அணைக்கவும் இல்லை. மாமாவிடம்தான் பேசினார், ஆனால் மொத்த சாமியானாவுக்கும் கேட்டது.

"மாப்ள, இத்தன வருசமா கம்பெனி நடத்தறேன். மொத சாம்பிள எந்த வெளிநாட்டு பையர் ஓகே பண்ணியிருக்கான்? கமென்ட்ஸ் போட்டுத் திருப்பி அனுப்புவான். சரி பண்ணி ரெண்டாவது அனுப்போணும். அதுக்குன்னு கம்பெனிய மூடிப்போட்டா போறோம்? புள்ள போயி கமென்ட்ஸ் என்னன்னு படிச்சுட்டு வரட்டும்."

எனக்கு அழுகை நிற்கவில்லை, அது வேறு அழுகையாக மாறிவிட்டது. துணியைத் தேர்ந்தெடுத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்பதை அப்பா அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. லைக்ராவில் தப்பே இல்லை, மண்தான் சரியில்லை என்பது அவர் கட்சி.

சென்னைக்குப் போனேன். அறைச் சுவர் நீளக் கூடாது என்ற பாடம் வகுப்பில் வந்தபோது ஏன் என்று பேராசிரியர் கேட்டார். நான் எழுந்து சொன்ன பதிலில் இருந்த உணர்ச்சியைப் பார்த்து, உட்காரும்மா, தண்ணி குடி என்றார். இப்போது எனக்குத் தொழிலே அதுதான். பலவீனமான தரைகளில் நிஜ ஜியோசெல் விரிக்கிறேன். கையில் வாங்கியதும் இழுத்துப் பார்ப்பேன். நீளவில்லை என்றால்தான் இறக்கச் சொல்வேன். அந்தத் தொட்டி மேடையையும் நானே இடித்து, நானே திரும்பப் போட்டேன். நிற்கிறது.

தோண்டி எடுத்த பிங்க் துணியை அம்மா லேபிளில் சொன்னபடி குளிர்ந்த நீரில் கையால் துவைத்துக் காயப்போட்டாள். ஒரு பகுதியை வெட்டிச் சமையலறைச் சுவரில் தொங்கவிட்டு, அறை அறையாக வெங்காயம், பூண்டு, இஞ்சி போட்டுவைத்தாள். இன்றைக்கும் தொங்குகிறது. நன்றாகத் தாங்குகிறது. தண்ணீர்த் தொட்டியைத்தான் தாங்காது.

அந்தப் போட்டோ புது யூனிட்டின் ஆபீஸில் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதில் தொட்டி நேராக நிற்கிறது, நாங்களும் நேராக நிற்கிறோம். பின்னால் உள்ள புதுக் கட்டடமும் ஒரு தென்னை மரமும் மட்டும் விழப்போவது மாதிரி சாய்ந்திருக்கின்றன. பார்க்கிற பையர்கள் எல்லாம் கட்டடத்துக்கு என்ன ஆச்சு என்று விசாரிப்பார்கள். கோயம்புத்தூர் எஞ்சினியர் போட்டதுங்க என்பார் அப்பா.

மாமா என் கல்யாணத்தில் பந்திக்குக் குடையோடு வந்தார். என் கணவருக்கு விஷயம் தெரியாது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார். தாலி கட்டி முடிந்து குடும்பப் படம் எடுக்க எல்லாரும் மேடையில் கூடினோம். போட்டோக்காரர், எல்லாரும் நேரா நில்லுங்க என்றார். உடனே அப்பா, அம்மா, மாமா, அழைப்பின் பேரில் வந்திருந்த எஸ்தர் அக்கா உட்பட என் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடதுபக்கம் சாய்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப் போனார்கள். என் கணவர் மட்டும் ஒரு கணம் என்னைப் பார்த்தார், நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்று பார்த்தார், பிறகு அவரும் சாய்ந்தார். அன்றைக்குத்தான் இந்த மனுஷன் தாங்குவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.